கீழ்க்கம்பில் நின்றவள்

காஞ்சிரங்குளம்
6 நவம்பர் 2025

திவ்யலட்சுமி மேடத்துக்கு,

யோசுவா எழுதுவது. இதுவரை உங்களைப் பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி மோளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அது வராது.

நேற்று சாயங்காலம் சிஜி வீட்டுக்கு வந்தாள். சுசீலாபாயின் மகள். ஏப்ரலில் நம்முடைய கடற்கரை முகாமில் அவள் அம்மையைக் கடல் கொண்டுபோன பிறகு, ஏழு மாதமாக அந்தப் பெண் என் வாசலை மிதித்ததில்லை. கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள். முகாமை நடத்துகிற உங்கள் ஆபீஸ் எழுதிய விபத்து அறிக்கையின் நகல். பஞ்சாயத்தில் ஏதோ சர்ட்டிபிக்கேட்டுக்குப் போனபோது கொடுத்தார்களாம்.

மலையாளம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் வரும். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பருவகால ஊழியர் சுசீலாபாய் அறிவுறுத்தலை மீறி அலை வரும் இடத்துக்கு இறங்கியதே விபத்துக்குக் காரணம்."

சிஜி ஒன்றுதான் கேட்டாள். "அம்மை நீங்க சொன்னதக் கேக்காம எறங்கினாளா மாமா?"

"இல்ல" என்றேன்.

"அப்போ இது யாரு எழுதினது?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். யார் எழுதினது? அந்த வரியை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டோம் என்று சிஜிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் சீசனுக்கான ஆள் பட்டியலில் என் பெயர் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அதைப் பிறகு பேசலாம். முதலில் இது.

எனக்குப் போன் அடிக்க வேண்டாம். போன் இல்லை. ஏப்ரலிலேயே கிணற்றில் போட்டாயிற்று. பதில் தபாலில் வரட்டும்.

யோசுவா

*

ஸ்ரீவராகம்
14 நவம்பர் 2025

மாஷுக்கு நமஸ்காரம்.

ஆபீஸ் தாளில் எழுதாமல் வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அறிக்கை என்பது ஒரு முறைக்காக எழுதுவது. ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் திருத்த, கமிட்டி பார்த்து முடித்தது. யாரையும் குறை சொல்லும் நோக்கம் அதில் இல்லை. எட்டு மாதமாகப் போகிறது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் யாருக்கும் நல்லது வராது, சிஜிக்கும்தான். நானே ஒரு நாள் வந்து அவளைப் பார்த்துப் பேசுகிறேன்.

பட்டியல் விஷயம்: எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கடற்கரை வேலைக்கு எடுப்பதில்லை என்று இந்த வருஷம் ஒரு விதி வந்திருக்கிறது. உங்களுக்காகப் போட்ட விதி என்று நினைக்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திவ்யா

*

காஞ்சிரங்குளம்
17 நவம்பர் 2025

திவ்யலட்சுமி மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

சுசீலாபாய் யார் என்று உங்களுக்கு மறந்துபோயிருந்தால் சொல்கிறேன். பதினான்கு சீசன் என்னோடு வேலை செய்தவள். டிசம்பர் முதல் மே வரை, ஆமை முட்டைக் காவல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கடற்கரை நடை, மாசத்துக்கு ஒரு தடவை கரை அளப்பு. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன். கடலைப் பற்றித் தெரிந்தது எல்லாம் பழைய பேப்பரும் புத்தகமும் வாங்கி நானாகப் படித்தது, நானாகப் பார்த்தது. அப்படிப்பட்ட என்னைப் பிள்ளைகள் மாஷ் என்று கூப்பிட்டார்கள் என்றால், அதைத் தொடங்கி வைத்தவள் அவள்தான். "வாத்தியாரு வேலைக்குப் படிச்சவனெல்லாம் வாத்தியாரா? இவருதான் மாஷ்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வாயும் உண்டு. நேரத்துக்கு நான் பார்க்கிற கண்டிப்பைப் பார்த்து, "மாஷ் கடலுக்கிட்டயும் லீவு லெட்டர் கேப்பேரு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கரை அளப்பு எப்படி நடக்கும் என்று ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பு, நடுவில் கயிறு. மேல்கம்பு காய்ந்த மணலில், என் கையில். கீழ்க்கம்பு அலை நனைத்துப் போகிற மணலில், அவள் கையில். நான் மேலே இருந்து பார்த்து அளவைப் பிள்ளைகளைக்கொண்டு நோட்டில் எழுத வைப்பேன். எழுதி முடித்து நான் "எடு" என்று சொல்லும்வரை கீழ்க்கம்பு அசையக் கூடாது. ஒரு விரல் அசைந்தாலும் அந்த மாதத்து அளவு பொய். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. முதல் வருஷம் அவள் இரண்டு முறை அசைத்தாள், இரண்டு முறையும் பிள்ளைகள் முன்னால் சத்தம்போட்டேன். அதற்குப் பிறகு அவள் அசைத்ததே இல்லை. ஒரு நாள் தெருநாய் ஒன்று வந்து சேலை முந்தியைக் கடித்து இழுக்கிறது, இவள் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "மாஷே, நாய்க்கு அளவு முடியலன்னு சொல்லுங்க" என்கிறாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

நான் சொன்னால் ஒழிய ஓர் அடி வைக்காதவள். அவளையா மீறினாள் என்று எழுதினீர்கள்?

சிஜி நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பஸ்ஸில் ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாளாம், "சிப்பி பெறக்கப் போயி செத்தவளுக்க மோளு" என்று. உங்கள் காகிதத்தில் இருந்து ஊருக்குள் வந்த பேச்சு அது.

பதினைந்து நாள் பார்ப்பேன். பிறகு பத்திரிகைக்கு எழுதுவேன்.

யோசுவா

*

ஸ்ரீவராகம்
1 டிசம்பர் 2025

மாஷுக்கு,

பதினைந்து நாளில் பதினாலு நாளை எடுத்துக்கொண்டேன். நேற்று அப்பா கேட்டார், "யாருக்குடி இத்தனை பக்கம் எழுதி எழுதிக் கிழிக்கறே?" என்று. உங்கள் பெயரைச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா? நான் சொன்னால் ஒழிய ஓர் அடி வைக்காதவள் என்கிறீர்கள். அப்படியானால் அன்று அவர் அங்கே யார் சொல்லி நின்றார்?

அந்த வரியை எழுதினது கமிட்டி இல்லை. நான். போன கடிதத்தில் அதைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன்.

அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடை தொடங்கும் முன் எல்லார் போனையும் வாங்கி உங்கள் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வது உங்கள் வழக்கம். பிள்ளைகள் போனைப் பார்க்காமல் கடலைப் பார்க்கட்டும் என்று. நாங்களும் அதைப் பெருமையாக எல்லா இடத்திலும் சொன்னோம். அன்றும் இருபத்திரண்டு பிள்ளைகள், கூட வந்த ஆசிரியர் ஜெயகுமார், சுசீலா அக்கா, எல்லார் போனும் அந்தப் பையில்தான் இருந்தன. பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாப் போனுக்கும் வந்தது. காற்றும் மழையும் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறுகிற கடலுக்கு வெறும் கண் போதாது என்றுதான் அந்த எச்சரிக்கையே வைத்திருக்கிறார்கள். நான் உங்களுக்கு மூன்று தடவை அடித்தேன். அக்காவுக்கு இரண்டு தடவை. ஜெயகுமார் சாருக்கும் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அலை வந்தது பத்து நாற்பதுக்கு.

முப்பது நிமிஷம், மாஷ்.

ஜெயகுமார் சார் என்னிடம் சொன்னது இது: "அந்தம்மா அவங்களா எறங்கல. அவர் நிக்கச் சொன்ன இடத்துல நின்னாங்க." அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த கேள்வி உங்கள் மேல் வந்திருக்கும். யாராவது ஒருத்தர் பெயரில் தப்பைப் போடாமல் அந்த அறிக்கை முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இறந்தவரை இனி யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். இருப்பவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு மகள் இருப்பதை நினைக்கவில்லை. நினைத்தேன். நினைத்தும் எழுதினேன்.

பிள்ளைகள் ஒருத்தரும் நனையவில்லை. எல்லாரையும் மேலே உட்காரவைத்தது நீங்கள். அதுவும் உண்மைதான்.

திவ்யா

*

காஞ்சிரங்குளம்
4 டிசம்பர் 2025

மேடத்துக்கு,

எனக்காக யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. நான் கேட்கவில்லை.

பையைப் பற்றிப் பேசுகிறீர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வருகிறவன் கடற்கரைக்கு வரவில்லை. அந்த வழக்கம் சரி. எழுபது வருஷம் கடலைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

ஒன்று நீங்களும் சொல்லுங்கள். அளப்புக்கு நான் குறித்துக்கொடுத்த நாள் சனிக்கிழமை. அன்று பத்து மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கிக் கிடக்கும். வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு நீர் ஏறத் தொடங்கியிருக்கும். சனியை வியாழனாக மாற்றியது யார்? வெளிநாட்டில் இருந்து பார்க்க வந்தவர்களுக்குப் பிளேன் பிடிக்க வேண்டும் என்று மாற்றியது யார்?

அதையும் உங்கள் வரிசையில் எழுதுங்கள்.

யோசுவா

*

ஸ்ரீவராகம்
11 டிசம்பர் 2025

மாஷுக்கு,

நாளை மாற்றினது நான். எழுதுகிறேன், மறைக்கவில்லை. அன்று அவர்களை அழைத்துக்கொண்டு நான் கரைக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் அலை வந்தது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரத்து செய்திருப்பேன். "வரட்டும், நம்ம அளப்பை அவங்களும் பாக்கட்டும்" என்று சொன்னீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நீங்கள் பத்திரிகைக்கு எழுதப்போகிறீர்கள் என்று நான் கமிட்டியில் சொல்ல வேண்டிவந்தது. அவர்கள் கொடுத்த தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். "எல்லா ஊழியர்களுக்கும் பாதுகாப்பு அறிவுறுத்தல் கொடுத்தேன், அதன் பிறகு நடந்தது என் கட்டுப்பாட்டில் இல்லை" என்று அதில் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஃபைல் மூடப்படும். வயது விதியை உங்களுக்குத் தளர்த்துவார்கள். இந்த வருஷம் தள்ளிப்போய் ஜனவரி ஐந்தாம் தேதி சீசன் தொடங்கும்போது ஆலோசகர் என்ற பெயரில் நீங்கள் கரைக்கு வரலாம். அந்த வரி அப்படியே இருக்கும்.

போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. போடாதீர்கள் என்று சொல்ல யோக்கியதை இல்லை.

திவ்யா

*

காஞ்சிரங்குளம்
19 டிசம்பர் 2025

திவ்யலட்சுமி மேடத்துக்கு,

உங்கள் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பியிருக்கிறேன். உடனே திருப்பினேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்து நாள் மேஜைமேல் கிடந்தது. இரண்டு தடவை பேனாவைத் திறந்தேன். ஆலோசகர் என்று போட்டிருந்தீர்களே, அதை நான் வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். எனக்கு வீட்டில் காத்திருக்க ஆள் இல்லை, போக வேறு இடமும் இல்லை. வருஷத்தில் ஆறு மாதம் அந்தக் கரையில் நான் மனுஷன். இதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று கரைக்குப் போனேன். மணல் நிறையப் போயிருக்கிறது. வழக்கமாக மேல்கம்பை ஊன்றும் இடத்தில் நின்று பார்த்தேன். கீழே அவள் நின்ற இடம் எவ்வளவு தூரம் என்று எனக்கு இதுவரை தெரியாது என்பது அப்போதுதான் பட்டது. அளவு தெரியும். பதினான்கு வருஷத்து அளவு நோட்டில் இருக்கிறது. நடந்து பார்த்ததில்லை. நேற்று நடந்தேன். அங்கே இருந்து திரும்பி ஓடிப் பார்த்தேன். நனைந்த மணலில் கால் புதைகிறது. சேலை கட்டிக்கொண்டு, கையில் கம்போடு, ஓட முடியாது.

கீழே இருப்பது என் வாக்குமூலம். இதை அறிக்கையில் சேர்க்க வேண்டும். ஒரு சொல்லும் வெட்டக் கூடாது. இரக்கப்பட்டும் வெட்டக் கூடாது.

"ஏப்ரல் மாத முகாமில் கரை அளப்பை நடத்தியவன் நான், யோசுவா. நீர் ஏறும் நேரம் என்று தெரிந்தும் அளப்பை நிறுத்தவில்லை. பார்க்க ஆள் வருகிறார்கள் என்பதால் நிறுத்த மனம் வரவில்லை. சுசீலாபாயைக் கீழ்க்கம்பில் நிறுத்தியது நான். நான் சொல்லாமல் கம்பை எடுக்கக் கூடாது என்று அவளைப் பழக்கியதும் நான். எல்லாருடைய போனும் இருந்த பை என் தோளில் இருந்தது. அது அதிர்ந்துகொண்டே இருந்தது. விலாவில் பட்டு அதிர்ந்தது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் வீட்டில் இருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, எரிச்சலில் பையை மறு தோளுக்கு மாற்றினேன். திறந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று அளவு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'எடு' என்று நான் சொல்லவில்லை. சுசீலாபாய் யார் சொல்லையும் மீறவில்லை."

பையை வைத்துக்கொள்வது தப்பு என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதிர்ந்தும் திறக்காதது தப்பு.

யோசுவா

*

ஸ்ரீவராகம்
5 ஜனவரி 2026

மாஷுக்கு,

நீங்கள் எழுதினதை ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் பெயர்த்து, உங்கள் தமிழ்க் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். நாளை மாற்றினதைப் பற்றியும், அந்த வரியை எழுதினதைப் பற்றியும் நானும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் உங்கள் பெயரும் என் பெயரும் இருக்கின்றன.

இன்று தொடங்க வேண்டிய சீசன் தொடங்கவில்லை. இரண்டு பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று எழுதிவிட்டன. ஆமைக் காவலுக்கும் ஆள் போடவில்லை; எங்கே முட்டை இருக்கிறது என்று இந்த வருஷம் நாய்களுக்குத்தான் தெரியும். என்னை வேலையில் இருந்து நிறுத்தியாயிற்று. போலீஸ் ஃபைலைத் திரும்பத் திறப்பார்கள் என்று வக்கீல் சொல்கிறார். உங்களைக் கூப்பிடுவார்கள். கூட யாராவது ஒருத்தரை அழைத்துக்கொண்டு போங்கள். யாரும் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

திருத்தின அறிக்கையின் நகல் இரண்டு இதனுடன் வைத்திருக்கிறேன். ஒன்று சிஜிக்கு. அதை நானே தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் முன்னது மாதிரி இதுவும் அவள் கைக்குக் காகிதமாகப் போய்ச் சேரக் கூடாது. நீங்கள் போய்க் கொடுங்கள்.

திவ்யா

*

காஞ்சிரங்குளம்
12 ஜனவரி 2026

திவ்யலட்சுமி மேடத்துக்கு,

போலீஸ் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தனியாகப் போவேன். நீங்கள் வர வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்ததும் சிஜி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. காகிதத்தைக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். மலையாளம் எனக்கு எடுக்கிற நேரத்தில் பாதிகூட அவளுக்கு எடுக்காது, ஆனால் மெதுவாகத்தான் படித்தாள். வாக்குமூலம் இருக்கிற பக்கத்துக்கு வந்ததும் திரும்ப முதலில் இருந்து படித்தாள்.

படித்து முடித்து, அழுவாள் அல்லது ஏசுவாள் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் காகிதத்தை மடித்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க பிள்ளைக பக்கம் திரும்பி நின்னியோ. சரி. அம்மை கடலப் பாத்துத்தானே நின்னா?"

"ஆமா."

"வாறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மடித்த காகிதத்தை அவள் இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"அம்மை ஒண்ணும் சொல்லலியா? எங்க அம்மை வாய வச்சிட்டு சும்மா நிக்க மாட்டா. அவ ஒண்ணும் சொல்லலியா மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று அலைச் சத்தமே இல்லை என்று அங்கே இல்லாத சிஜிக்கு எப்படித் தெரியப்போகிறது? ஒன்பது மாதமாக நான் அந்தப் பொய்யைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். சிஜி கேட்டுக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்று சொல்வதுதான் நம் பக்கத்து வழக்கம், சாவு வீட்டில் மட்டும்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் "போங்க" என்றாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மேடம், என் வாக்குமூலத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மறந்து விட்டதல்ல. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது என்று உங்களுக்கு எழுதிய கையே வெட்டியது. போலீஸ் என்னைக் கூப்பிடும் முன்னால் அதைச் சேர்க்க வேண்டும். 'எடு' என்று நான் சொல்லவில்லை என்ற இடத்துக்குக் கீழே சேருங்கள். எழுதித் தருகிறேன்:

"சுசீலாபாய் கீழே இருந்து என்னைக் கூப்பிட்டாள். 'மாஷே, எடுக்கட்டா?' என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் 'நில்லு' என்றேன். நின்றாள்."

யோசுவா